படத்துக்குக் கீழே எழுதியது யார்? மவுண்ட் ரோடு ஸ்டூடியோக்களும் நம் மக்களும்

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் நெருங்கும்போது பழைய மெட்ராஸின் படங்கள் நம் கைபேசிகளுக்கு வந்து சேர்கின்றன. அலைமேல் ஏறி நிற்கும் மசூலா படகு, மாட்டு வண்டிகள் ஓடும் மவுண்ட் ரோடு, மயிலாப்பூர் தெப்பக்குளம், கடற்கரையில் மூட்டை சுமப்பவர்கள். கூடவே "எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது நம்ம ஊரு" என்று ஒரு வரி. நாமும் பார்த்து ரசித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

அடுத்த முறை அனுப்பும் முன் அந்தப் படங்களின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கட்டடத்துக்குப் பெயர் இருக்கும். சாலைக்குப் பெயர் இருக்கும். படம் எடுத்த கம்பெனியின் பெயர் ஒரு மூலையில் இருக்கும். மனிதருக்கு மட்டும் பெயர் இருக்காது. தண்ணீர் சுமப்பவர், வண்ணார், ஆயா, பட்லர், பறையர் என்று தொழிலின் பெயரோ சாதியின் பெயரோதான் இருக்கும்.

நாம் பேச வேண்டியது அந்த ஒரு வரியின் வரலாற்றை. மெட்ராஸின் வணிக ஸ்டூடியோக்கள் ஒரே கேமராவால் இரண்டு விதமான மனிதர்களை உருவாக்கின. காசு கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆளானார்; அவருக்குப் பெயர் கிடைத்தது. கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர் மாதிரி ஆனார். அவருக்குச் சாதி கிடைத்தது. முதல் வகைப் படம் குடும்பத்துக்குப் போனது. இரண்டாம் வகை கடைக்கும் அருங்காட்சியகத்துக்கும் போனது. இன்று 'மெட்ராஸின் அன்றாட வாழ்க்கை' என்று நமக்குக் காட்டப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான்.

கேமரா வந்த வழி

மெட்ராஸுக்குக் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1850களிலேயே அங்கு புகைப்படக்கலை கற்றுத்தரப்பட்டது. 1856இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானது. அதே ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அவற்றில் ஆட்கள் அபூர்வம்; கல்தான் நாயகன்.

ஆட்களை விற்பனைப் பொருளாக்கியது மவுண்ட் ரோட்டின் வணிக ஸ்டூடியோக்கள். 1850களின் கடைசியில் தொடங்கிய நிக்கோலஸ் கம்பெனி அவற்றில் முக்கியமானது. வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்தார்களும் அங்கே வந்து தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். அதே கம்பெனி 'சுதேசி மாதிரிகள்' என்ற படங்களையும் எடுத்து விற்றது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் தன் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு போக ஒரு தண்ணீர்க்காரர், ஒரு சலவைத் தொழிலாளி, ஒரு படகோட்டி வேண்டும் அல்லவா?

அந்தக் காலத்துப் படமெடுக்கும் முறையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அப்போதே கழுவிவிட வேண்டும். படமெடுக்கச் சில விநாடிகள் ஆகும். அதுவரை ஆடாமல் நிற்க, தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வியை வைத்துப் பிடித்தார்கள். வெளியூருக்குப் போனால் கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் கூலியாட்கள் தலையில் சுமந்து போனார்கள். பழைய படங்களில் நம் முன்னோர்களின் முகம் இறுகிப்போய் இருப்பதைப் பார்த்து 'அப்பாவி மக்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த இறுக்கம் அவர்கள் குணம் அல்ல. ஆடக்கூடாது என்ற உத்தரவு அது.

இந்த 'மாதிரி'ப் படங்கள் வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக, 468 படங்களோடு 'இந்திய மக்கள்' என்ற நூலை லண்டனில் வெளியிட்டார்கள். சாதி வாரியாக, பழங்குடி வாரியாக, யார் விசுவாசி, யார் முரடர் என்ற குறிப்புகளோடு. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு மூக்கின் நீள அகலத்தை அளந்தார். 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலிலும் படங்கள் உண்டு. சாதி என்பது உடம்பிலேயே எழுதியிருக்கிறது என்ற பொய்க்குக் கேமராவைச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

பஞ்சத்தை விற்ற படங்கள்

1876–78 தாது வருஷப் பஞ்சம். மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாக் கூலிகள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். நிவாரண வேலையில் இருந்த ஆணுக்கு ஒரு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓர் அணா என்ற அளவுக்கு ரிச்சர்டு டெம்பிள் 1877இல் குறைத்தார். இதைத் தின்று மண்வெட்ட முடியாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார்.

அந்தப் பஞ்சத்தின் முகமாக இன்றும் உலகெங்கும் காட்டப்படும் படங்களை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், ராணுவ அதிகாரி. வெஸ்டர்ன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து வேட்டைக் காட்சிகளைப் படமெடுத்து விற்றவர். எலும்பும் தோலுமான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் குடும்பப் படம் எடுப்பதுபோலவே வரிசையாக உட்காரவைத்து எடுத்தார். அந்தப் படங்கள் இங்கிலாந்தில் நிதி திரட்ட உதவின என்பது உண்மை. உட்காரவைத்துப் படமெடுத்துவிட்டு அவர்களுக்கு எதுவும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்ற கண்டனம் அந்தக் காலத்திலேயே எழுந்ததும் உண்மை. அவர்களில் ஒருவருடைய பெயர்கூட படத்தின் கீழே இல்லை.

இதே பஞ்ச காலத்தில்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாயைப் பஞ்சக் கூலிகள் தோண்டினார்கள். அன்றைய கவர்னரின் பெயரைச் சூட்டி அதை பக்கிங்ஹாம் கால்வாய் என்றார்கள். மயிலாப்பூரை ஒட்டி இன்றும் சாக்கடையாக ஓடுகிறதே, அதுதான். தோண்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. தோண்டச் சொன்னவர் பெயர் 140 ஆண்டுகளுக்கு மேலாக நம் வாயில் இருக்கிறது. படத்துக்கும் கால்வாய்க்கும் நடந்தது ஒன்றேதான்.

பட்லர் என்ற கேலிப்படம்

1880களில் மவுண்ட் ரோட்டில் வீலே என்பவர் ஒரு ஸ்டூடியோ தொடங்கினார். பிறகு கிளைன் என்ற ஜெர்மானியர் கூட்டாளியாகச் சேர, 'வீலே அண்ட் கிளைன்' ஆனது. முதல் உலகப் போருக்குப் பிறகு 'கிளைன் அண்ட் பெயர்ல்'. மெட்ராஸின் கட்டடங்கள், சாலைகள், விழாக்கள், அதிகாரிகள் என்று இந்த ஸ்டூடியோ பதியாதது குறைவு. மெட்ராஸ் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அதன் படங்கள் ஒரு சுரங்கம்.

அதே ஸ்டூடியோ அஞ்சலட்டைகளையும் விற்றது. 1900க்குப் பிறகு அஞ்சலட்டை மோகம் உலகெங்கும் பரவிய காலம் அது. அதில் 'மாஸ்டர்ஸ்' என்று ஒரு வரிசை. துரை வீட்டில் இல்லாதபோது வேலைக்காரர் துரையின் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கிப் போட்டு, பத்திரிகை படித்து, சாராயம் குடிக்கிறார் என்பதுபோல் ஆட்களை நடிக்கவைத்து எடுத்த படங்கள். 2018இல் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில் 'மெட்ராஸிலிருந்து பெங்களூருக்கு' என்ற அஞ்சலட்டைக் கண்காட்சி நடந்தபோது இவையும் வைக்கப்பட்டன.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். வேலைக்காரர் நாற்காலியில் உட்கார்வதுதான் நகைச்சுவை. வெள்ளைக்காரரின் இனத்திமிரும் இந்த ஊரின் சாதித்திமிரும் ஒன்றாகச் சிரிக்கும் இடம் அது. பார்ப்பவர் சிரிக்கிறார், கொஞ்சம் பயமும் இருக்கிறது. நான் இல்லாதபோது இவன் என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவானோ?

மெட்ராஸில் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரர், பட்லர், குதிரைக்காரர் என்று வேலை பார்த்தவர்களில் பறையர் சமூகத்தினர் நிறைய. சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய பாத்திரத்தைத் தொட்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் கந்தப்பன், ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் கொண்டுசேர்த்தவர் அவரே என்று அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். கந்தப்பன் பண்டிதரின் பாட்டனார். அஞ்சலட்டைக்குப் 'பட்லர்' என்பது ஒரு கேலி. பண்டிதரின் எழுத்தில் அதே பட்லருக்குப் பெயர் இருக்கிறது, வீட்டில் சுவடி இருக்கிறது, பேரன் இருக்கிறான். அந்தப் பேரன் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை நடத்தினார்.

நாற்காலியை வாங்கினோம்

ஒரு தலைப்பை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் மெட்ராஸில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர் ஆல்பத்தில் படத்துக்குக் கீழே இருந்த அதே சொல், இப்போது பத்திரிகையின் நெற்றியில். எழுதியவர் மாறினார், சொல் நிமிர்ந்தது.

ஸ்டூடியோவிலும் அது நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் படமெடுக்கும் செலவு குறையக் குறைய, ஸ்டூடியோ மவுண்ட் ரோட்டிலிருந்து இறங்கி மயிலாப்பூர், ராயப்பேட்டை, 1920களில் உருவான தியாகராய நகர் என்று தெருத்தெருவாக வந்தது. இந்தியர்களே உரிமையாளர்கள் ஆனார்கள். தீட்டிய திரைச்சீலை, வட்ட மேஜை, அதன்மேல் கடிகாரம் அல்லது ரேடியோ, பூச்சாடி, ஒரு நாற்காலி. நம் மக்களும் கூலியில் மிச்சம்பிடித்து அங்கே போனார்கள்.

அந்த நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ள, அன்று கிராமங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

இப்போது பழைய ஸ்டூடியோப் படம் ஒன்றை மனதில் கொண்டு வாருங்கள். கிராப்பு வெட்டிய ஆண் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை வேட்டியுமாக, காலில் ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ரவிக்கை போட்ட மனைவி, தலையில் பூ. மடியில் குழந்தை. அந்த எட்டுத் தடைகளில் எத்தனையை இந்த ஒரு படம் உடைக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். ஷூ ஸ்டூடியோவுடையதாக இருக்கலாம். கோட்டும் வாடகைக்கு வந்திருக்கலாம். 'பொய் வேஷம்' என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஊரில் மறுக்கப்பட்டதைக் காசு கொடுத்து ஒரு மணி நேரத்துக்கு வாங்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தைச் சுவரில் மாட்டி ஐம்பது வருஷம் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்டூடியோவிலும் சாதியும் நிறமும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. முகத்தில் பவுடர் அப்பினார்கள். நெகட்டிவில் பென்சிலால் தீட்டிக் கறுப்பைக் குறைத்தார்கள். 'கொஞ்சம் வெளுப்பா காட்டியிருக்கேன்' என்பது போட்டோகிராபர் செய்யும் உபகாரமாக இருந்தது. பிற்காலத்தில் கலர் பிலிம் வந்தபோதும் கோடாக் கம்பெனி நிறத்தைச் சரிபார்க்க வைத்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கறுப்பு என்பது திருத்த வேண்டிய பிழை என்று இயந்திரமே நம்பியது.

நம் குடும்பங்களில் இன்னொரு வகைப் படமும் உண்டு. இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க எடுத்த படம். தமிழ்நாட்டில் பல சாதிகளிலும் இருந்த வழக்கம் இது. உயிரோடு இருந்தபோது ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லாதவர்களுக்கு அதுதான் முதல் படம், கடைசிப் படமும் அதுதான். ஆயா உட்கார்ந்து எடுத்த ஒரே போட்டோ அவர் செத்த பிறகு எடுத்தது என்று சொல்லும் வீடுகளை நாங்கள் களப்பணியில் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் குழுப் படங்கள். சங்க ஆண்டுவிழா, இரவுப் பள்ளி, விடுதி மாணவர்கள், தலைவர் வருகை. 1944 செப்டம்பரில் பாபாசாகேப் அம்பேத்கர் மெட்ராஸ் வந்தார். அவரோடு நின்ற என். சிவராஜ் அடுத்த ஆண்டு இந்த நகரத்தின் மேயர் ஆனார். இப்படிப்பட்ட படங்களை ஒட்டிய தடித்த அட்டையில் 'உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கி ஒவ்வொருவருடைய பெயரும் இருக்கும். நாம் கவனிக்காமல் கடந்துபோகும் அந்த வரிதான், 'மாதிரி'ப் படங்களுக்கு நம் மக்கள் கொடுத்த பதில்.

எங்கே போயின அந்தப் படங்கள்?

பெயர் இல்லாத படங்கள் லண்டனில் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கின்றன. பெயரோடு இருந்த படங்கள் கரையான் தின்று, மழையில் நனைந்து போகின்றன. இதுதான் இன்றைய நிலை.

ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்கள் எடைக்குப் போயின. அதிலுள்ள வெள்ளிக்காகவும் வாங்கிப்போனார்கள். 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைக் கணினிமயமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள். மிக நல்ல பணி. ஆனால் எந்த ஆய்வாளரும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியை நமக்காகத் திறக்க முடியாது.

அந்தப் பெட்டியோ இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்த நம் மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பஞ்சக் கூலிகள் தோண்டிய அதே பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரத்தில், வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். வீட்டை இடிக்க வருகிறார்கள் என்றால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம், பிள்ளைகளின் மார்க்‌ஷீட். சுவரில் ஆணியடித்து மாட்டிய படம் சுவரோடு போகிறது.

இதை வெறும் ஏக்கமாகப் பார்க்காதீர்கள். 'இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், நேற்று வந்தவர்கள்' என்று சொல்லும்போது, மூன்று தலைமுறைக்கு முன் இதே மயிலாப்பூர் ஸ்டூடியோவின் முத்திரையோடு எடுத்த கல்யாணப் படம் ஒரு சாட்சி. அட்டையின் பின்னால் ஸ்டூடியோ முகவரி இருக்கும், தேதியும் இருக்கலாம். வரலாறு இல்லை என்று சொல்லித்தான் நிலம் இல்லை என்கிறார்கள்.

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் உண்டு. 1850இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், சீலி என்ற வணிகப் புகைப்படக்காரர் அடிமைகளின் ஆடையைக் களைந்து ஒரு ஹார்வர்டு பேராசிரியரின் இனவாத 'ஆய்வு'க்குப் படமெடுத்தார். அதற்குச் சரியாக 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் டு பாய்ஸ் கறுப்பின மக்களின் 363 படங்களை வைத்தார். ஆல்பத்தின் தலைப்பில் அதே 'மாதிரிகள்' என்ற சொல்லைத்தான் போட்டார். உள்ளே இருந்தவர்களோ கோட்டும் தொப்பியுமாக நிமிர்ந்து உட்கார்ந்த மனிதர்கள். எதிரியின் சொல்லை எடுத்து எதிரிக்கே காட்டினார், நம் இரட்டைமலை சீனிவாசனைப் போலவே. அம்பேத்கரும் டு பாய்ஸும் 1946இல் கடிதம் எழுதிக்கொண்டவர்கள் என்பது நினைவிருக்கட்டும். பக்கத்து நேபாளத்தில் 2016இல் நேபாள் பிக்சர் லைப்ரரி தலித் மக்களின் படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தது.

நாம் செய்ய வேண்டியது

பெரிய நிதியோ அருங்காட்சியகமோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் கைபேசி போதும். சட்டத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் கிழியும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேராக வைத்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். அசல் படம் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும். நாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், நாமும் இன்னொரு கம்பெனிதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஆண்களின் பெயர் அட்டையில் இருக்கும். பின்னால் நிற்கும் பெண்ணின் பெயர் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். இவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார், அந்தச் சேலை யாருடையது, அன்று எதற்காகப் படமெடுத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். எதைப் பொதுவில் வெளியிடலாம், எதை வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஸ்டூடியோவில் நிறுத்தப்பட்டவர்களிடம் ஒருவரும் கேட்காத அனுமதி அது.

பாட்டிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் போகும்போது ஒரு படத்திலிருக்கும் பத்துப் பேரும் பெயரிழக்கிறார்கள். மறுபடியும் 'மாதிரி' ஆகிவிடுகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்காருங்கள். படத்தின் பின்னால் மெதுவாக எழுதுங்கள்: உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்.

ஜெய்பீம்.